மேலதிக அறைக்கு ஒரு தண்டம்

“வெளிநாட்டிலை எல்லாத்தையும் அரசாங்கமே குடுக்குமாம்” என்ற பேச்சை எமது ஊர்களில் கேட்காதவர்கள் இல்லை. பெண்கள் குழுக் கூட்டங்களில் வீட்டுத்திட்டம், உதவிப்பணம் என்று கதை தொடங்கினால், லண்டனில் இருக்கும் தம்பியையோ மருமகளையோ யாராவது ஒருவர் உதாரணம் காட்டுவார். அதில் உண்மை இல்லாமலில்லை. வருமானம் குறைந்தவர்களின் வீட்டு வாடகைக்கு அங்கு அரசு பணம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் எந்தக் கணக்கின்படி கொடுக்கப்படுகிறது, கணக்கு பிழைக்கும்போது யாருடைய வயிற்றில் அடி விழுகிறது என்பவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை.

2013 ஏப்ரல் முதலாம் திகதி பிரித்தானியாவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. குறைந்த வாடகைக்கு வழங்கப்படும் சபை வீடுகளில் ‘தேவைக்கு மேலதிகமான’ படுக்கையறை இருந்தால் அந்த வீட்டாரின் வாடகை உதவி வெட்டப்படும் என்பதே அவ்விதி. அந்த வெட்டு அதிகமாக விழுந்தது மாற்றுவலுவுள்ளவர்கள் வாழும் வீடுகளில்தான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, நலன்புரி அரசு என்ற பாடத்தில் பிரித்தானியாவை முன்னுதாரணமாகப் படித்தேன். களத்தில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான், ஒரு நலன்புரித் திட்டத்தை அளப்பதற்கு அது கொடுக்கும் தொகையை மட்டும் பார்த்தால் போதாது, அதன் படிவத்தில் என்ன கேள்வி கேட்கப்படுகிறது, என்ன கேள்வி கேட்கப்படாமல் விடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று விளங்கியது. ஷெல் வீச்சிலும் மிதிவெடியிலும் அவயவங்களை இழந்தவர்களையும், எழும்ப முடியாமல் படுக்கையில் இருப்பவர்களையும் வருடக்கணக்காகப் பராமரித்து வரும் எமது வாசகிகளுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாக இராது.

விதி என்ன சொல்கிறது?

பிரித்தானியாவில் உள்ளூராட்சி சபைகளும் வீடமைப்புச் சங்கங்களும் சந்தை வாடகையை விடக் குறைந்த வாடகைக்கு வீடுகளை வழங்குகின்றன. அந்த வாடகையையும் கட்ட முடியாதவர்களுக்கு அரசின் வாடகை உதவி கிடைக்கும். 2012 ஆம் ஆண்டின் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம் இந்த உதவிக்கு ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது.

மேலதிகமாக ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குத் தகுதியான வாடகையில் 14 வீதம் வெட்டப்படும். இரண்டு அறைகளோ அதற்கு மேலோ இருந்தால் 25 வீதம் வெட்டப்படும். ஒரு வீட்டின் வாடகை வாரத்துக்கு 100 ஸ்ரேலிங் பவுண் என்று வைத்துக்கொள்வோம். முழு உதவி பெற்ற ஒருவருக்கு, ஓர் அறை கூடுதலென்றால் 86 பவுணும், இரண்டு அறை கூடுதலென்றால் 75 பவுணும்தான் கிடைக்கும். மிகுதியை அவரே எங்கிருந்தாவது தேடிக் கட்ட வேண்டும்.

எது மேலதிகம் என்பதற்கும் சூத்திரம் இருந்தது. கணவன் மனைவிக்கு ஓர் அறை. 16 வயதும் அதற்கு மேற்பட்டவருமான ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலாரான இரு பிள்ளைகள் ஓர் அறையைப் பகிர வேண்டும். 10 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் பகிர வேண்டும். ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் படுக்கையறை என்றால் என்ன, அதன் அளவு எவ்வளவு என்று அந்த விதிகளில் எங்கும் வரையறுக்கப்படவில்லை. ஒரு கட்டிலும் கொள்ளாத சிறு அறையும் அறைதான், பெரிய அறையும் அறைதான்.

அரசாங்கம் இதற்கு வைத்த பெயர் ‘உபரி அறை மானியத்தை நீக்குதல்’. மக்கள் வைத்த பெயர் ‘படுக்கையறை வரி’. சட்டப்படி இது வரியல்ல, உதவியில் செய்யப்பட்ட வெட்டு. ஆயினும் மாதக் கடைசியில் கையிலிருந்து பணம் போகும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அரசின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே வீட்டில் நெருக்குண்டு வாழும் குடும்பங்கள் பல, வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் இன்னும் பலர். சிலர் தேவைக்கு அதிகமான வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சிறிய வீட்டுக்கு மாறினால் பெரிய வீடு பெரிய குடும்பத்துக்குக் கிடைக்கும். தனியாரிடம் வாடகைக்கு இருப்போருக்கு இப்படியான அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. அத்துடன் அரச செலவும் குறையும். இவ்வளவும் காதுக்கு நியாயமாகவே படும். யார் வீடு, அந்த அறையில் யார் இருக்கிறார் என்று கேட்கும்வரைதான் அந்த நியாயம் நிற்கும்.

அந்த அறையில் என்ன இருக்கிறது?

விதி வருவதற்கு முன்னரே அரசு தயாரித்த தாக்க மதிப்பீட்டின்படி, சுமார் 660,000 குடும்பங்கள் பாதிக்கப்பட இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 420,000 இல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு அளவில், மாற்றுவலுவுள்ளவர்கள் இருந்தனர். சராசரி இழப்பு வாரத்துக்கு 14 பவுண். வருடத்துக்கு 700 பவுணுக்கு மேல். ஆக, அடி எங்கே விழப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் விதி கொண்டுவரப்பட்டது.

மாற்றுவலுவுள்ள ஒருவரின் வீட்டில் ‘மேலதிக அறை’ எனப்படுவது என்ன? உயர்த்தித் தாழ்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில், ஆளைத் தூக்கி இருத்தும் கருவி, சக்கர நாற்காலி, ஒட்சிசன் சிலிண்டர், வீட்டிலேயே சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்பவரானால் அதற்குரிய பெட்டி பெட்டியான பொருட்கள். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பித் திருப்பிப் படுக்கவைக்கும் பராமரிப்பாளர் கொஞ்சம் கண்ணயரும் இடமும் அதுவே. ஒரே கட்டிலில் படுக்க முடியாத கணவனோ மனைவியோ படுக்கும் இடமும் அதுவே.

வன்னியில் ஒரு வீட்டுக்கு நான் அடிக்கடி போய்வருவேன். முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத மகளும், அவளைப் பார்க்கும் தாயும் மட்டுமே அங்கு இருக்கிறார்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. இரண்டு பேருக்கு இரண்டு அறை எதற்கு என்று அயலில் சிலர் கதைத்ததாகத் தாய் ஒருநாள் சொன்னார். “உள்ள வந்து பாருங்கோ மிஸ்” என்று அந்த அறையைத் திறந்து காட்டினார். காற்று மெத்தை, மலசலக் கதிரை, துணிகள், மருந்துப் பெட்டிகள், சுவரோரம் பழுதான ஒரு சக்கர நாற்காலி. படுப்பதற்கு இடமில்லை. தாய் படுப்பது மகளின் கட்டிலடியில், பாயில். “இந்த அறை இல்லாட்டி இவளுக்கு வீடே இல்லை மிஸ்” என்றார். பிரித்தானியாவின் இந்த விதியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

“சிறிய வீட்டுக்கு மாறலாம்தானே?”

விதியை ஆதரித்தவர்கள் கேட்ட கேள்வி இது. மாற்றுவலுவுள்ளவர்களைப் பொறுத்தவரை இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, மாறுவதற்குச் சிறிய வீடுகள் போதுமான அளவில் இல்லை. சபை வீடுகள் பெரும்பாலும் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் குடியிருப்பவரே சபை வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுத்த பின்னர், இருந்த வீடுகளும் பெருந்தொகையாக விற்கப்பட்டன. ஓர் அறை வீடு கேட்டுப் போனவர்களுக்குப் பல இடங்களில் இல்லையென்ற பதிலே கிடைத்தது.

இரண்டாவது, மாற்றுவலுவுள்ளவரின் வீடு வெறும் சுவரும் கூரையும் அல்ல. சக்கர நாற்காலி போகக் கதவுகள் அகலமாக்கப்பட்டிருக்கும். வாசலில் சாய்தளம் இருக்கும். குளியலறை தரைமட்டமாக மாற்றப்பட்டிருக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் அரச பணமே செலவாகியிருக்கும். ஆளை அங்கிருந்து எழுப்பினால் புதிய வீட்டில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு கையால் வெட்டி, மறு கையால் அதைவிடக் கூடச் செலவழிக்கும் வேலை இது.

மூன்றாவது, அயல். பக்கத்துத் தெருவிலுள்ள சகோதரி, பாடசாலை விட்டு வந்ததும் எட்டிப்பார்க்கும் மருமகன், சுகமில்லையென்றால் கடைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரி. இவர்களுக்கு எந்தத் திணைக்களமும் சம்பளம் கொடுப்பதில்லை. வீடு மாறினால் இவர்களும் போய்விடுவார்கள். இடம்பெயர்ந்து பழகிய எங்களுக்கு, வீட்டோடு சேர்ந்து இன்னும் என்னென்ன இழக்கப்படும் என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வெட்டின் விளைவை அரசு தானே செய்வித்த ஆய்வுகளும் காட்டின. 2014 ஜூலையில் வெளியான இடைக்கால அறிக்கையின்படி, முதல் ஆறு மாதங்களில் சிறிய சபை வீட்டுக்கோ சங்க வீட்டுக்கோ மாறியவர்கள் 4.5 வீதம் மட்டுமே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதே வீட்டில் இருந்துகொண்டு குறைந்த பணத்தில் காலத்தை ஓட்டினார்கள். 2015 டிசம்பரில் வெளியான இறுதி அறிக்கையில், பாதிக்கப்பட்டவர்களில் 76 வீதமானோர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்ததாகச் சொல்லியிருந்தனர். வீடு மாறச் செய்வதற்காக வந்த விதி, வீட்டை மாற்றவில்லை, சட்டிபானையைத்தான் மாற்றியது.

‘விருப்பப்படி’ கொடுக்கும் உதவி

கஷ்டப்படுபவர்களுக்கென ஒரு மாற்று வழியும் வைக்கப்பட்டது. உள்ளூராட்சி சபை, தனது தற்றுணிபின்படி, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேலதிக வாடகைப் பணம் கொடுக்கலாம். நீதிமன்றங்களிலும் அரசு இதையே கேடயமாகப் பிடித்தது. “உதவி தேவையானவர்களுக்குத்தான் அந்தப் பணம் இருக்கிறதே” என்பது அதன் வாதம்.

கொடுக்கலாம் என்பதற்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் எமது வாசகிகளுக்குத் தெரியும். ஒன்று உரிமை, மற்றது தயவு. ஒதுக்கப்பட்ட பணம் முடிந்தால் இல்லை. காலம் முடிந்தால் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். மாறப்போவதில்லை என்று வைத்தியர்களே சொல்லிவிட்ட ஒரு நிலைமையை, அவர் திரும்பத் திரும்ப எழுதி நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு சபை, மாற்றுவலுவுள்ளவரின் பராமரிப்புக்காகக் கிடைக்கும் கொடுப்பனவையும் வருமானமாகக் கணக்கெடுத்து உதவியைக் குறைத்தது. பராமரிப்புக்கு என்று ஒரு கை கொடுத்ததை வாடகைக்கு என்று மறு கை எடுத்தது போன்றது இது. 2015 இல் மேல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

2013 ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிரித்தானியாவுக்குப் போன, வீட்டுரிமைக்கான ஐக்கிய நாடுகள் விசேட அறிக்கையாளர் ராக்கெல் ரோல்னிக், இந்த விதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அமைச்சர்கள் அவர்மீது கோபப்பட்டார்களே தவிர விதியை நிறுத்தவில்லை.

நீதிமன்றப் படியேறியவர்கள்

விதியில் ஏற்பட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் வழக்குக்குப் போன ஒரு குடும்பம் இருக்கிறது.

முதல் வெற்றி இந்த விதி வருவதற்கு முன்னரே, தனியார் வாடகை வீட்டுக்காரருக்கான அளவுகோல் தொடர்பில் கிடைத்தது. மாற்றுவலுவுள்ள இரு சிறு பெண்பிள்ளைகள் ஓர் அறையில் படுத்தால் ஒருவர் நித்திரையை மற்றவர் குழப்பிக்கொள்ளும் நிலை. சூத்திரப்படி அவர்கள் அறையைப் பகிர வேண்டும். 2012 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, மாற்றுவலுக் காரணமாக அறையைப் பகிர முடியாத பிள்ளைக்குத் தனியறை என்பது 2013 டிசம்பரில் விதிகளில் எழுத்தில் சேர்ந்தது.

ஆனால் இன்னும் ஓட்டைகள் இருந்தன. பகிர முடியாத பிள்ளைக்குத் தனியறை உண்டு, பகிர முடியாத மனைவிக்கு இல்லை. வாடகைக்காரருக்கோ அவரது துணைக்கோ இரவுப் பராமரிப்பாளர் வந்தால் அவருக்கு அறை உண்டு, பிள்ளைக்காக வந்தால் இல்லை.

பிறப்பிலேயே முள்ளந்தண்டுக் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கட்டில் விசேடமானது. கணவன் அதில் படுக்க முடியாது. அந்த அறையில் இன்னொரு கட்டில் போடவும் இடமில்லை. கணவன்தான் அவரது பராமரிப்பாளர். அவர் படுத்த அறைக்கு 14 வீதம் வெட்டப்பட்டது. வேல்ஸில் இன்னொரு குடும்பத்தில், பாட்டனும் பாட்டியும் கடுமையான மாற்றுவலுவுள்ள பேரனை வளர்த்தார்கள். இரவும் பகலும் கவனிக்க வேண்டிய பிள்ளை. வாரத்தில் சில இரவுகள் பராமரிப்பாளர் வந்து தங்கினால்தான் அந்த முதியவர்கள் நித்திரை கொள்ளலாம். பராமரிப்பாளர் தங்கிய அறை மேலதிகமென்று கணக்கிடப்பட்டது.

2016 நவம்பர் 9 ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் இவ்விரு குடும்பங்களுக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையில் இப்படி வேறுபாடு காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், மாற்றுவலுவுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. குழு, பிரித்தானியாவின் நலன்புரி மாற்றங்கள் மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளைப் பாரதூரமாகவோ ஒழுங்குமுறையாகவோ மீறியுள்ளன என்று அறிக்கை வெளியிட்டிருந்தது. 2017 ஏப்ரல் முதலாம் திகதி விதிகள் திருத்தப்பட்டன.

திருத்தத்துக்கு முந்திய நான்கு வருடங்களுக்கு என்ன? அதற்கும் இன்னொருவர் வழக்குக்குப் போக வேண்டியிருந்தது. மனித உரிமையை மீறும் துணைவிதியை அதிகாரிகள் பிரயோகிக்கக் கூடாது என்று 2019 நவம்பரில் அதே நீதிமன்றம் சொன்ன பின்னரே அந்தக் காலத்துக்கும் நியாயம் கிடைத்தது.

‘ஏ’ என்ற பெண்

இவ்வழக்குகளுள் ஒன்று மாற்றுவலுவைப் பற்றியதல்ல. ஆயினும் எமது வாசகிகள் அதை அறிந்திருக்க வேண்டும். நீதிமன்றப் பத்திரங்களில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. ‘ஏ’ என்ற எழுத்து மட்டும்தான். கொடூரமான முன்னாள் துணைவனிடமிருந்து அவளையும் மகனையும் காப்பதற்காக, பொலிஸாரும் சபையும் சேர்ந்த புகலிடத் திட்டத்தின் கீழ், அவள் வாழ்ந்த மூன்று அறை வீட்டைப் பலப்படுத்தி, ஆபத்து நேரத்தில் ஓடி ஒளிவதற்குப் பாதுகாப்பு அறையும் அமைத்துக் கொடுத்திருந்தார்கள். பின்னர் வந்த விதி, இரண்டு பேருக்கு மூன்று அறை அதிகம் என்று அவளது உதவியை வெட்டியது.

2016 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களில் ஐவர் அவளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். தற்றுணிபுப் பணம் இருக்கிறதுதானே என்பதே அவர்களின் எண்ணம். எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவர், அப்போது அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரேயொரு பெண் நீதியரசரான ஹேல் சீமாட்டி. அவள் விடவில்லை. 2019 ஒக்டோபர் 24 ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவளுக்குப் பாரபட்சம் காட்டப்பட்டதாகத் தீர்த்தது. ஒரு திட்டம் அவளை அந்த வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கச் சொல்கிறது, மற்ற விதி அங்கிருந்து போகச் சொல்கிறது என்பதை அந்த நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2021 ஒக்டோபர் முதலாம் திகதிதான் புகலிடத் திட்ட வீடுகளுக்கு விதிவிலக்கு வந்தது. எட்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது.

அதே நாளில் அதே நீதிமன்றத்தில் தோற்ற பெண்ணையும் நாம் மறக்கக்கூடாது. கடுமையான மாற்றுவலுவுள்ள வளர்ந்த மகளைத் தனியே பராமரித்த தாய் அவர். அவரது வீடு மகளுக்கென்றே மாற்றியமைக்கப்பட்டது. அவருக்கு அறை தேவை என்பதை விட, அந்த வீடே தேவையாக இருந்தது. விதி அறையை மட்டுமே எண்ணும். எனவே அவருக்கு நீதிமன்றத்தில் கிடைத்தது எதுவுமில்லை.

இன்று எங்கே நிற்கிறது?

ஸ்கொட்லாந்து அரசு 2014 முதல் இந்த வெட்டைத் தனது நிதியால் ஈடுசெய்யத் தொடங்கியது. வட அயர்லாந்தில் 2017 இல் விதி வந்தபோதே ஈடுசெய்யும் கொடுப்பனவும் சேர்ந்து வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படியான முழுமையான பாதுகாப்பு இல்லை. 2013 இல் எதிர்க்கட்சியாக இருந்து இதை ஒழிப்போம் என்று சொன்ன தொழிற்கட்சி, 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்தபோதும் ஒழிக்கவில்லை. வாடகை உதவியை உள்ளடக்கிய புதிய ஒருங்கிணைந்த கொடுப்பனவிலும் இதே 14, 25 வீத வெட்டுக்களே வைக்கப்பட்டன.

இங்கிலாந்தில் சபை வீட்டில் இருக்கும் உறவினர் யாருக்காவது மாற்றுவலு இருந்தால், அவர்களுடன் கதைக்கும்போது இவற்றைக் கேளுங்கள். இரவுப் பராமரிப்பாளர் தங்குகிறாரா? கணவன் மனைவி மாற்றுவலுக் காரணமாக ஓர் அறையில் படுக்க முடியாதவர்களா? பிள்ளை அறையைப் பகிர முடியாத நிலையா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஓம்’ என்றால், உரிய மாற்றுவலுக் கொடுப்பனவையும் அவர் பெறுபவரானால், அந்த அறைக்கு வெட்டு விழக்கூடாது. மொழி தெரியாததால் கேட்காமல் விட்டவர்கள் இருக்கக்கூடும். வெட்டு என்று கடிதம் வந்தால் அது முடிந்த முடிவல்ல, மீளாய்வு கேட்கலாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.

எங்களுக்கு இதில் என்ன?

எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நீதிபோலத் தோன்றும். சமூகவியலில் இதற்கு வைத்த பெயர் வேறு. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதும் பாரபட்சமே. கால் நடக்கக்கூடியவருக்கும் நடக்க முடியாதவருக்கும் ஒரே படிக்கட்டைக் கட்டிவிட்டு, இருவருக்கும் வழி திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

எமது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அதே உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வலுவிழந்தோருக்கும் விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவம் தடுக்காது என்கிறது. பிரித்தானியாவைக் கேள்வி கேட்ட அதே ஐ.நா. சமவாயத்தை இலங்கையும் 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே “எனக்கு இது தேவை, ஏனெனில் எனது நிலைமை வேறு” என்று சொல்வது சலுகை கேட்பதல்ல.

வீட்டுத்திட்டமோ உதவிப்பணமோ, எங்கள் பெண்கள் படிவத்துக்கு முன்னால் இருக்கும்போது நான் சொல்லி வருபவை சில. படிவம் கேட்காததையும் தனித்தாளில் எழுதி இணையுங்கள். எத்தனை அறை என்று கேட்டால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எந்த அறையில் என்ன இருக்கிறது, இரவில் யார் எழும்புகிறார், எத்தனை தடவை எழும்புகிறார் என்று எழுதுங்கள். வைத்தியரின் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது, அதனால் வீட்டில் என்ன தேவைப்படுகிறது என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். இல்லை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன ‘இல்லை’க்கு மேன்முறையீடு செய்ய முடியாது. திகதியைக் குறித்து வையுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாததாலேயே பல நியாயமான முறைப்பாடுகள் வீணாகின்றன.

இன்னொன்றும் உண்டு. இந்த வழக்குகளில் நீதியரசர்களின் முன் வைக்கப்பட்ட சாட்சியம் என்னவென்று பாருங்கள். யார் எங்கே படுக்கிறார், கட்டிலின் அகலம் என்ன, பிள்ளையைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பவைதான். எங்கள் பெண்கள் ஒவ்வொரு நாளும் செய்துவிட்டு, “இதையெல்லாம் ஆருக்குச் சொல்லுறது” என்று விட்டுவிடும் வேலைகள். அந்த வேலைகள் எழுதப்பட்டபோது ஒரு நாட்டின் விதி அசைந்தது. முழுதாக விழவில்லை, அசைந்தது.

ஆகவே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். குழுவில் ஒருவருக்கு இல்லை என்று கடிதம் வந்தால் அவரைத் தனியே அலுவலகத்துக்கு அனுப்பாமல் இருவராவது சேர்ந்து போங்கள். கணக்குப் போடுபவர் எங்கள் வீட்டு அறைகளை வெளியில் நின்று எண்ணுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.